கடைசி மூணு தாளைக் கிழிச்சவனுக்கு

கிழிஞ்சது வேற, கிழிச்சது வேற. ஐப்பசி மழை கோத்தகிரிப் பக்கம் பிடிச்சுக்கிட்டா அலமாரி புத்தகமெல்லாம் நமுத்துப்போகும், பக்கம் ஒட்டிக்கும், பிரிக்கும்போது கிழியும். மலையில அது புத்தகத்தோட தலையெழுத்து. அதுக்கு யாரையும் நோக மாட்டேன். இது அப்படி இல்லை. நூலகத்துலேருந்து நான் எடுத்துட்டு வந்த நாவலோட கடைசி மூணு தாளை யாரோ வேணும்னே பிளேடு வெச்சு அறுத்திருக்கான்!

மைக்கேல் கிரைட்டன் 1992-ல எழுதின 'ரைசிங் சன்'ங்கிற இங்கிலீஷ் துப்பறியும் நாவல்தான் அது. லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஒரு ஜப்பான் கம்பெனி கட்டின புதுக் கோபுரம். 45-வது மாடியில திறப்பு விழா விருந்து அமர்க்களமா நடக்குது, 46-வது மாடியில மீட்டிங் மேஜை மேல ஒரு பொண்ணு பிணமா கிடக்கா. கேமரா பதிவுல தெரியுறதை நம்பலாமா கூடாதான்னு அந்தக் கொலையை விசாரிக்கிற ரெண்டு போலீஸ்காரங்களோட சேர்ந்து நானும் மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தேன். டீ ஃபேக்டரியில நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து, கண்ணு எரிய எரிய ஆறு நாள் படிச்சேன். முடிச்சு அவிழப்போற நேரத்துல பக்கத்தைப் புரட்டினா பின்னட்டை!

முதுகுப் பசையில கால் அங்குல நறுக்கு மட்டும் ஒட்டிக்கிட்டிருக்கு. வரிக்கு ரெண்டு எழுத்து, மூணு எழுத்து. அதைப் பல்புக்கு நேரா பிடிச்சு, எங்கேயாவது ஒரு பேரோட முதல் எழுத்தாவது தெரியுதான்னு அரைமணி நேரம் உத்துப் பார்த்தேன். வயிறு எரியுதுய்யா.

நூலகத்துல இருக்கிற அக்கா பாவம், அவங்களுக்கே முகம் வாடிப்போச்சு. "விடு தம்பி, படத்தைப் பார்த்துக்கோ"ன்னாங்க. எதைப் பார்க்குறது? ஷான் கானரி நடிச்சு 1993-ல வந்த அந்தப் படத்துல கொலைகாரனையே மாத்திட்டாங்க. திரைக்கதை எழுதப் போன கிரைட்டனே பாதியில விலகிட்டார். அப்போ என் கதையோட முடிவு அந்த மூணு தாள்ல மட்டும்தான் இருக்கு. படிச்சவங்க ஆறுதலுக்குன்னு கொலைகாரன் பேரைச் சொல்லிடாதீங்க, கையெடுத்துக் கும்பிடுறேன்.

சொத்து வரியில ரூபாய்க்கு 10 காசு நூலக வரின்னு ஊர் மொத்தமும் கட்டுது. 1948 சட்டத்துலேருந்து வர்ற ஏற்பாடு அது. பிளேடு எடுத்தவன் வீட்டுக் காசும் அதுல இருக்கு. இங்கிலீஷ் நாவல் எங்க நூலகத்துல இருக்கிறதே ஒரு தட்டுதான். கீழே குன்னூருக்குப் போய்த் தேட எனக்கு லீவும் கிடையாது.

அந்தத் தாள் இன்னும் உன்கிட்ட இருந்தா, ராத்திரியில வந்து நூலக ஜன்னல் இடுக்குல சொருகிட்டுப் போ. யாருன்னு கேக்க மாட்டோம்.