பட்டறையில் செய்த வேலையை ஏன் மறைக்கிறீர்கள்?

கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பிரிவு மாணவர்களுக்குக் கொடுக்கும் பயோடேட்டா மாதிரிப் படிவத்தை முதலில் தூக்கி எறிய வேண்டும். பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் டிடிபி சென்டரின் கம்ப்யூட்டரில் கிடக்கும் படிவமும் அதேதான். "பெயரையும் மதிப்பெண்ணையும் மாற்றிக்கொள், போதும்" என்று சொல்லி ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை அடையாளமே இல்லாமல் அனுப்பிவைக்கிறார்கள். இதைப் பல நாளாகவே எழுத நினைத்திருந்தேன்.

ஓசூர்ப் பக்கம் வாகன உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். டிப்ளமோ முடித்தவர்களைப் பயிற்சியாளர்களாக எடுக்கும் காலத்தில் மனிதவளப் பிரிவினர் ஒரு கட்டு பயோடேட்டாக்களை எங்கள் மேசைக்கு அனுப்புவார்கள். யாரை நேர்காணலுக்குக் கூப்பிடலாம் என்று நாங்கள் குறித்துக் கொடுக்க வேண்டும். ஷிஃப்ட் வேலைக்கு நடுவே கிடைக்கும் நேரத்தில்தான் பார்க்க முடியும். ஒரு தாளுக்கு அரை நிமிடம் கிடைத்தால் அதிகம். இதில் பெருமை எதுவும் இல்லை. நிலைமை இதுதான் என்று வேலை தேடுகிறவர்களுக்குத் தெரிய வேண்டும்.

அந்த அரை நிமிடத்தில் கண்ணில் படுவது என்ன? சவாலான சூழலில் திறமையை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபட விரும்புவதாக ஒரு குறிக்கோள். அடுத்து, கடின உழைப்பாளி, விரைவில் கற்றுக்கொள்பவர், குழுவோடு இணைந்து பணியாற்றுபவர். பொழுதுபோக்கு என்ற இடத்தில் பாட்டுக் கேட்பதும் கிரிக்கெட்டும். பிறகு தந்தை பெயர், மதம், திருமணமாகாதவர், நிரந்தர முகவரி. கடைசியில் மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என்று ஓர் உறுதிமொழி. கட்டில் உள்ள பெரும்பாலான தாள்களில் இதே வரிகள், இதே வரிசையில். ஒரு தாளில் உறுதிமொழிக்குக் கீழே வேறு யாருடைய பெயரோ இருந்தது. முன்பு வந்தவரின் பெயரை மாற்ற மறந்திருக்கிறார்கள்.

சென்ற ஆண்டு வந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுடைய தாளும் இந்த ரகம்தான். கூப்பிட்டிருந்த ஒருவர் வராததால் காத்திருப்போர் பட்டியலிலிருந்து அவனை அழைத்தார்கள். பேச்சு எங்கெங்கோ போய், விடுமுறையில் என்ன செய்வாய் என்று கேட்டேன். "மாமாவின் பட்டறைக்குப் போவேன் சார்" என்றான். கோவை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் (சுழலும் தண்டு) கடைந்து கொடுக்கும் சின்னப் பட்டறை. பத்தாம் வகுப்பு முடித்த கோடையிலிருந்து அங்கே லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) நின்றிருக்கிறான். மேசையில் இருந்த, நுண்ணிய அளவுகளை அளக்கும் மைக்ரோமீட்டரையும் ஒரு பின்னையும் எடுத்துக் கொடுத்தேன். அவன் உடனே அளந்துவிடவில்லை. அளக்கும் முகங்கள் இரண்டையும் துணியால் துடைத்தான். மூடிப் பார்த்து, பூஜ்யம் சரியாக நிற்கிறதா என்று பார்த்தான். திம்பிள் என்ற உருளைப் பகுதியைப் பிடித்து இறுக்காமல், அழுத்தம் அதிகமாகாமல் பார்த்துக்கொள்ளும் ராட்செட்டைத் திருப்பினான். இரண்டு இடத்தில் அளந்துவிட்டுத்தான் எண்ணைச் சொன்னான். எங்கள் லைனில் பல ஆண்டுகள் இருப்பவர்களே அவசரத்தில் இதையெல்லாம் விட்டுவிடுவதுண்டு.

இதை ஏனப்பா எழுதவில்லை என்று கேட்டதற்கு, "அது மாமாவின் பட்டறைதானே சார், கம்பெனி இல்லையே" என்றான். இந்தப் பதிவை எழுதவைத்ததே அந்தப் பதில்தான். சான்றிதழ் கொடுக்காத வேலை வேலையில்லை என்று அவனுக்கு யார் சொன்னது? டிப்ளமோ முடித்துவிட்டால் கிரீஸ் படிந்த கையை மறைத்துக்கொள்ள வேண்டும் என்று வீடும் கல்லூரியும் சேர்ந்து அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கின்றன. அந்தப் படிவத்திலும் அதற்கென்று ஓர் இடம் இல்லை. ஒன்றுக்கும் உதவாத பொழுதுபோக்குக்கு ஓர் இடம் இருக்கிறது.

அவன் எழுதியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: "கோவை குறிச்சி சிட்கோவில் உறவினரின் பட்டறையில் கோடை விடுமுறைகளில் வேலை செய்தேன். டிராயிங்கைப் பார்த்து பம்ப் ஷாஃப்ட்டுகளை லேத்தில் கடைந்தேன். ஒவ்வொன்றையும் 0.01 மி.மீ. மைக்ரோமீட்டரால் அளந்து பதிவேட்டில் எழுதினேன்." இந்த மூன்று வரிகள் மேலே இருந்திருந்தால் கட்டில் முதல் ஆளாக அவனைக் குறித்திருப்பேன். நேர்காணலில் என்ன கேட்பேன் என்பதையும் அந்த வரிகளே தீர்மானித்திருக்கும். ஷாஃப்ட்டின் டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கப்படும் வித்தியாசம்) எவ்வளவு, அளவு மீறினால் என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்டிருப்பேன். அவனுக்குப் பதில் தெரிந்த கேள்விகள். தனக்குத் தெரிந்த இடத்துக்கு எதிரில் இருப்பவரை அழைத்துவருவதுதான் பயோடேட்டாவின் வேலை என்பது என் கருத்து.

இது மெக்கானிக்கல் படித்தவர்களுக்கு மட்டும் அல்ல. திருப்பூரில் பெற்றோர் பனியன் யூனிட் நடத்த, வாராவாரம் பீஸ் ரேட் (உருப்படிக்கு இவ்வளவு கூலி) கணக்குப் போட்டுச் சம்பளம் பட்டுவாடா செய்த பெண்கள் பி.காம். முடித்துவிட்டு "புதியவர், அனுபவம் இல்லை" என்று எழுதுகிறார்கள். எத்தனை பேருக்குக் கணக்குப் போட்டாய், நோட்டிலா எக்செல்லிலா, வித்தியாசம் வந்தால் எப்படிக் கண்டுபிடித்தாய்? இதற்கெல்லாம் பதில் வைத்திருப்பவர் எப்படிப் புதியவர் ஆவார்? ஓசூர்ப் பிள்ளைகள் பலருக்குத் தெலுங்கும் கன்னடமும் சரளமாக வரும். ஆனால் மொழிகள் என்ற இடத்தில் தமிழ், ஆங்கிலம் என்று நிறுத்திவிடுகிறார்கள். பீகார், ஒடிசாத் தொழிலாளர்களோடு பழகி இந்தி பேசக் கற்றவரும் அதை எழுதுவதில்லை. இன்றைக்கு எந்தத் தொழிற்சாலையிலும் சூப்பர்வைசருக்கு இது எவ்வளவு பெரிய பலம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அப்ரண்டிஸ் (தொழிற்பழகுநர்) பயிற்சி முடித்தவர்களும் இதே தவற்றைச் செய்கிறார்கள். 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி ஓராண்டு முழுக்க ஒரு தொழிற்சாலைக்குள் இருந்துவிட்டு, கம்பெனி பெயரையும் "1 வருடம்" என்பதையும் மட்டும் எழுதுவார்கள். எந்த லைன், எந்த மெஷின், ஒரு ஷிஃப்டில் எத்தனை பாகம், ரிஜெக்ஷன் வந்தபோது உங்கள் பங்கு என்ன? கேட்டவுடன் சொல்லத் தெரிகிறது, எழுதத்தான் தோன்றுவதில்லை.

ப்ராஜெக்ட் விஷயத்தில் மட்டும் கறாராகவே சொல்கிறேன். ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியதைப் பெரிய தலைப்போடு போடாதீர்கள். இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது. நால்வர் சேர்ந்து செய்ததென்றால் உங்கள் கை பட்ட பகுதியை மட்டும் எழுதுங்கள். வெல்டிங் மட்டும் செய்திருந்தாலும் வெல்டிங் செய்தேன் என்று எழுதுங்கள்.

அடுத்தது மதம், சாதி. தனியார் வேலைக்கான பயோடேட்டாவில் இவற்றுக்கு என்ன வேலை? சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தியாவில் செய்த ஆய்வு 2007இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி இதழில் வந்தது. செய்தித்தாள்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே மாதிரியான தகுதியோடு, பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயர் கொண்டவர்களோடு ஒப்பிட்டால் தலித் பெயர் கொண்டவர்களுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. முஸ்லிம் பெயர் கொண்டவர்களுக்குச் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். வெறும் பெயருக்கே இந்த நிலை. நம் ஊரில் பெயருக்குப் பின்னால் சாதியைப் போடும் வழக்கத்தை விட்டு இனிஷியலோடு நிற்கிறோம். அப்படியிருக்க, ஒரு படிவம் அதே விவரத்தை வேறு வழியாகக் கேட்டு வாங்குகிறது, நாமும் கேள்வி கேட்காமல் நிரப்பிக் கொடுக்கிறோம். அரசு வேலைக்குச் சாதிச் சான்றிதழ் தேவைப்படும், அங்கே கொடுங்கள். இங்கே அந்த வரியை அழித்துவிடுங்கள். பெற்றோர் பெயரும் திருமண நிலையும்கூடத் தேவையில்லை.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. பெரிய நிறுவனங்கள் பலவற்றில் பயோடேட்டாவை முதலில் படிப்பது மென்பொருள். கட்டம் கட்டி, இரண்டு நெடுவரிசையாகப் பிரித்து, படங்கள் வைத்த தாள்களை அது தாறுமாறாகப் படித்துவிடக்கூடும். நேராக, ஒரே நெடுவரிசையாக எழுதிப் பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். தாளைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். விளம்பரத்தில் என்ன சொல் இருக்கிறதோ, அந்த வேலை உங்களுக்கு உண்மையிலேயே தெரியுமென்றால், அதே சொல்லைப் பயன்படுத்துங்கள். போன் நம்பர் இப்போது வேலை செய்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். சிம் மாற்றிய பிள்ளைகள் பலரை நாங்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு விட்டிருக்கிறோம்.

நல்ல பயோடேட்டா இருந்தால் எல்லாக் கதவும் திறந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். பத்தாம் வகுப்பிலிருந்து 60 சதவீதம், அரியர் இருக்கக் கூடாது என்று வடிகட்டும் நிறுவனங்கள் பல. அந்த வடிகட்டியில் நின்றுபோகும் நல்ல கைகளை நினைத்தால் வேதனையாக இருக்கிறது. அந்த விதியைத் தளர்த்த வேண்டும் என்று எங்கள் கூட்டங்களில் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் விதியைத் தாண்டி வந்தவனும் அச்சடித்த வாசகங்களுக்குள் காணாமல் போவதை நம்மால் தடுக்க முடியும்.

என் நட்பு வட்டத்தில் பாலிடெக்னிக், கலைக் கல்லூரி ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். தமிழக அரசு 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் மூலம் வேலைத்திறன் பயிற்சிக்கென்று வகுப்பு நேரமும் கிடைக்கிறது. அதில் ஒரு மணி நேரம் ஒதுக்கி இறுதியாண்டு மாணவர்களுக்கு ஆளுக்கொரு வெள்ளைத் தாளைக் கொடுங்கள். வீட்டில், கடையில், வயலில், பட்டறையில் தன் கையால் செய்த வேலைகளை எண்ணிக்கையோடு எழுதட்டும். தமிழிலேயே எழுதட்டும், ஆங்கிலத்துக்குப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். உற்பத்தித் துறைக்குப் போக விரும்புகிறவர்களின் தாள்களை எனக்கு அனுப்பினால், நேர்காணல் எடுப்பவர் எந்த வரியில் நின்று என்ன கேட்பார் என்று குறித்துத் திருப்பி அனுப்புகிறேன். ஆதார், பான் எண்களை மட்டும் அதில் எழுத வேண்டாம்.