கடற்கரைக்கு வண்ண ரோல் எடுத்துச் செல்லுங்கள்

சேலத்திலும் பிலிம் கேமரா மோகம் திரும்பிவிட்டது. அப்பாவின் பீரோவில் பூஞ்சை பிடித்துக் கிடந்த யாஷிகாவைத் துடைத்து எடுத்துக்கொண்டு கார் நிறைய இளைஞர்கள் கிழக்குக் கடற்கரைக்குக் கிளம்புகிறார்கள். நல்லதுதான். திரும்பி வந்து அவர்கள் போடும் படங்களைப் பார்த்தால்தான் எரிச்சல் வருகிறது. எல்லாம் கறுப்பு வெள்ளை. தனுஷ்கோடியின் கூரையில்லாத தேவாலயம், தரங்கம்பாடியில் அலை அரித்த சுவர், கவிழ்ந்து கிடக்கும் படகு. ஒன்றிலும் மனிதர் இல்லை. கீழே ‘காலம் உறைந்த கரை’ என்று ஒரு வரி வேறு.

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது உண்மை. ஆனால் அங்கே இன்றும் வலை இழுக்கிறார்கள், சங்கு மாலை விற்கிறார்கள். 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்த பிறகு கூட்டத்துக்கும் பஞ்சமில்லை. தேவாலயத்தை எடுப்பவரின் முதுகுக்குப் பின்னால் மீன் பொரிக்கும் கடை இருக்கிறது. கடையைத் தவிர்த்தால்தான் காலம் உறைகிறது!

எனக்குக் கறுப்பு வெள்ளை மேல் பகையில்லை. வீட்டிலேயே எளிதாகக் கழுவ முடிவது அதுதான். டெவலப்பர், அதாவது பிலிமைக் கழுவும் ரசாயனம், 20 டிகிரியில் இருக்க வேண்டும். நம் ஊர்ச் சித்திரையில் குழாய்த் தண்ணீரே சுடும். ஐஸ் கட்டி மிதக்கும் பக்கெட்டில் புட்டியை வைத்துவிட்டுக் காத்திருப்பேன். ஏற்காட்டு நண்பருக்கு இந்தத் தொல்லை இல்லை; மார்கழியில் அவர் தண்ணீரைச் சூடாக்குகிறார். வண்ண ரோலுக்கோ 38 டிகிரி, கொஞ்சம் பிசகினாலும் நிறம் கெடும். அதனால் சென்னைக்குக் கூரியர். ஊட்டியில் பிலிம் தயாரித்த அரசு ஆலை மூடப்பட்டுவிட்டதால் ரோலும் வெளிநாட்டுச் சரக்கு. எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு படத்துக்கு ஐம்பது ரூபாயை நெருங்குகிறது. இருந்தும் வண்ணம்தான் என்கிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் கட்டுமரங்கள் குறைந்து ஃபைபர் படகுகள் நிறைந்துவிட்டன. நீலப் படகு, பச்சை வலை, ஆரஞ்சு மிதவை எல்லாவற்றையும் சாம்பலாக்கிவிட்டு அழிவு என்று பெயர் வைப்பது அநியாயம்.

பரங்கிப்பேட்டைக்கு இவர்கள் போவதில்லை, அங்கே இடிபாடு எடுப்பாக இல்லை. சேலத்துக்காரன் முதலில் போக வேண்டிய கடற்கரை அதுதான். ஆத்தூரைத் தாண்டிப் போகும் வசிஷ்ட நதி வெள்ளாற்றில் கலந்து அங்கேதான் கடல் சேர்கிறது. 1830 வாக்கில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் அங்கே இரும்பாலை தொடங்கியபோது, உலைக்குப் போனது சேலம் பக்கத்துத் தாது. எரித்தது மரக்கரி. கரி கிடைப்பது கடினமாகி, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஆலையும் முடிந்தது. (இன்று கஞ்சமலை அடிவாரத்திலேயே உருக்காலை இருக்கிறது, அது அந்த மலைத் தாதுவைத் தொடுவதில்லை என்பது வேறு கதை.)

பரங்கிப்பேட்டைக் கரையோரம் கிடந்த பழைய கட்டுமரத்தை நோக்கிக் கேமராவைத் திருப்பினேன். வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர், “அதை ஏன் தம்பி எடுக்கிறாய்? புது இன்ஜினை எடு” என்றார். எடுத்தேன். “எங்கே, காட்டு” என்று கேமராவின் பின்பக்கம் பார்த்தார். அங்கே ஏது திரை? “கழுவி வந்தால்தான் தெரியும் ஐயா.” “அப்படியானால் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து கொடு.” பிலிமில் எனக்குப் பிடித்தது இந்தக் கடன்தான். கைபேசியில் எடுத்திருந்தால் காட்டிவிட்டுக் கிளம்பியிருப்பேன்.

கரை தேய்வதையும் எடுக்கத்தான் வேண்டும், அதன் காரணத்தோடு. தரங்கம்பாடியில் 1306இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைக் காக்கப் பாறாங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். படங்களில் கோயில் மட்டும் வருகிறது, பாறைகள் வருவதில்லை. புதுச்சேரியில் 1980களின் கடைசியில் துறைமுகத்துக்குத் தடுப்புச் சுவர் கட்டினார்கள். வடக்கே நகர வேண்டிய மணல் தடைபட்டது, வடக்குக் கரை அரிக்கப்பட்டது. இதில் கவித்துவம் எங்கே இருக்கிறது? அந்தச் சுவரை எடுங்கள்.

ஏற்காட்டு நண்பர் இதையெல்லாம் ஒப்புக்கொள்வதில்லை. வண்ணம் கண்ணைச் சிதறடிக்கிறது என்பார். அடுத்த பயணத்துக்கும் கறுப்பு வெள்ளை ரோல்கள்தான் வாங்கி வைத்திருக்கிறார். டீசல் செலவில் பாதி அவருடையது, தடுக்க முடியவில்லை.