ஜூனிபர் போன்சாய்: வேர் மண்ணை முழுவதும் கழுவலாமா?

தொட்டி மாற்றும்போது ஜூனிபர் போன்சாயின் (தொட்டியில் குட்டையாக வளர்க்கும் ஊசியிலை மரம்) பழைய மண்ணைக் குழாய்த் தண்ணீரில் முழுக்கக் கழுவி, வேரில் பாதியை வெட்டலாம், பத்து நாள் கழித்தும் பச்சையாக இருக்கிறது என்று ஒரு பதிவு சொல்கிறது. ஆல், இச்சி வகைகளுக்கு இது பெரும்பாலும் ஒத்துவரும். ஜூனிபருக்கு ஆபத்து.

ஜூனிபரின் மெல்லிய உறிஞ்சு வேர்களும் அவற்றோடு வாழும் பூஞ்சையும் பழைய மண்ணில்தான் இருக்கின்றன. மூங்கில் குச்சியால் அடிமண்ணையும் ஒரு பக்கத்து மண்ணையும் மட்டும் உதிர்த்து, சுற்றி வளர்ந்த வேர்களை நறுக்குங்கள்; மொத்த வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். தண்டை ஒட்டி நேர் கீழே உள்ள மண்ணைத் தொடாதீர்கள். மறுபக்கம் இரண்டு மூன்று வருடம் கழித்து, அடுத்த முறை. மரத்தைக் கம்பியால் தொட்டியோடு இறுக்கிக் கட்டுங்கள். ஆரல்வாய்மொழி பக்கம் அடிக்கும் காற்றில் மரம் ஆடினால் புது வேர் அறுந்துபோகும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு, ஆகவே தண்ணீர் தேங்கும் செம்மண்ணைத் தவிர்த்து, சலித்த கரடுமுரடான கலவை போடுங்கள்.

பத்து நாள் பச்சை எதற்கும் சாட்சி இல்லை. நீங்களே சோதிக்கலாம்: ஒரு சிறு கிளையை வெட்டி, நிழலில் ஈர மணலில் செருகி வையுங்கள். வேரே இல்லாமல் வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். செத்த ஜூனிபரும் அப்படித்தான், தாமதமாகத்தான் பழுப்பாகும். நுனிகளில் இளம்பச்சைத் தளிர் வந்தால்தான் வேர் பிடித்தது என்று நம்பலாம்.