மாலினி பொன்சேகா தமிழிலும் நடித்தவர்

"மாலினி பொன்சேகா சிங்களப் படம் தவிர வேறெதிலும் நடித்ததில்லை, சினிமா கைவிட்ட பிறகுதான் டெலி நாடகத்துக்கு (தொலைக்காட்சித் தொடருக்கு) வந்தார்" என்று இந்த இலங்கை நடிகையைப் பற்றி மேலே ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, இரண்டுமே பிழை.

1978இல் வந்த 'பைலட் பிரேம்நாத்' படத்தில் சிவாஜி கணேசனின் மனைவியாக நடித்தவர் அவர்தான். ஏ.சி. திருலோகசந்தர் இயக்கிய இந்திய-இலங்கைக் கூட்டுத் தயாரிப்பு அது. மகளாக வந்தவர் ஸ்ரீதேவி. 'இலங்கையின் இளங்குயில்' பாட்டைக் கேட்டிருப்பீர்கள்தானே? அது சிவாஜியும் இவரும் சேர்ந்து நடித்த பாட்டு. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் அம்மா இன்றைக்கும் அவரை "சிவாஜியோட நடிச்ச மாலினி" என்றுதான் சொல்லுவார்.

அப்புறம் டெலி நாடகம். ஒதுங்க இடம் தேடி அவர் அங்கே போகவில்லை. இலங்கையில் டெலி நாடகம் இயக்கிய முதல் பெண்ணே அவர்தான். சினிமாவும் அவரைக் கைவிடவில்லை. 1968இல் 'புஞ்சி பபா'வில் தொடங்கியவர், அறுபது வயதைத் தாண்டி, 2008இல் பிரசன்ன விதானகேயின் 'ஆகாச குசும்' படத்தில் முதன்மைப் பாத்திரத்தில் நடித்தார். பழைய நடிகை ஒருத்தியின் தனிமையை அவ்வளவு அமைதியாகக் காட்டிய நடிப்பு எனக்கு வேறு நினைவில்லை.

2025 மே மாதம் அவர் மறைந்தபோது, கொழும்பு சுதந்திர சதுக்கத்தில் அரச மரியாதையோடு அவருக்கு விடைகொடுத்தோம். தயவுசெய்து அந்த இரண்டு வரியையும் திருத்திவிடுங்கள்.