யானையின் ஆயிரம் பொன் யாருக்கு?

2025 ஏப்ரலில் கென்யாவின் நகுரு மாவட்டத்தில் ஒரு விடுதி அறையில் பெல்ஜியத்துப் பையன்கள் இருவர் பிடிபட்டார்கள். இருபது வயதுகூட ஆகாதவர்கள். அவர்களிடம் இருந்தது எறும்பு. பஞ்சு அடைத்த 2,244 குழாய்களில் சுமார் 5,000 எறும்புகள். மே மாதம் நைரோபி விமான நிலைய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: ஆளுக்கு 10 லட்சம் ஷில்லிங் அபராதம், கட்டாவிட்டால் 12 மாதம் சிறை. நம் பணத்தில் ஆறரை லட்சம் ரூபாய்க்குப் பக்கம். 400 சொச்சம் எறும்புகளோடு வேறொரு வழக்கில் சிக்கிய ஒரு வியட்நாம்காரருக்கும் ஒரு கென்யருக்கும் அதே தண்டனை.

செய்தியைப் படித்ததும் நானும் சிரித்தேன், மறைப்பானேன். சமையலறையில் லட்சுமணரேகை சாக்பீஸால் கோடு கிழித்து எறும்பை விரட்டும் வீட்டில் பிறந்து வளர்ந்தவன். எறும்புக்கு ஆறரை லட்சமா என்றுதான் முதலில் தோன்றியது. இதைப் பகிர்ந்த நண்பரின் பதிவுக்குக் கீழேயும் சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டி நின்றன. அப்புறம் அந்த எறும்பைப் பற்றித் தேடிப் படித்தேன். சிரிப்பு போய்விட்டது.

மெஸ்ஸோர் செஃபலோட்டஸ் என்று பெயர். கிழக்கு ஆப்பிரிக்கப் புல்வெளியின் விதை பொறுக்கி எறும்பு. புல்விதைகளை இழுத்துப்போய்ப் புற்றில் சேர்க்கும். வழியில் சிந்துவதும் தின்னாமல் மிஞ்சுவதும் முளைக்கும். பெரிய உடம்பு, சிவந்த நிறம். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் கண்ணாடிப் பெட்டிக்குள் எறும்பு வளர்க்கும் ஆட்களுக்கு இதன் ராணி என்றால் உயிர். ஒரு ராணியை எடுத்துக்கொண்டு போனால் ஒரு புற்றையே எடுத்துக்கொண்டு போனதாகத்தான் அர்த்தம். கென்யாவின் 2013ஆம் ஆண்டுக் காட்டுயிர்ச் சட்டத்தில் காட்டுயிர் என்பது சிங்கமும் யானையும் மட்டுமல்ல. அனுமதி இல்லாமல் எறும்பைப் பிடித்தாலும் குற்றம்தான்.

கென்யாவுக்கு இதில் ஒரு பழைய சூடும் உண்டு. அங்கே பிளவுப் பள்ளத்தாக்கில் போகோரியா மாதிரி உப்பும் சோடாவும் நிறைந்த ஏரிகள் இருக்கின்றன. 1990களின் தொடக்கத்தில் வெளிநாட்டு ஆய்வாளர்கள் அந்த ஏரிகளிலிருந்து நுண்ணுயிரிகளை எடுத்துப் போனார்கள். அவற்றிலிருந்து கிடைத்த நொதி ஜீன்ஸ் துணியை வெளுக்க வைக்கும் வேலைக்கும் சலவைத்தூளுக்கும் போய்ச் சேர்ந்தது. பல வருடம் கழித்துத்தான் கென்ய வனவிலங்கு சேவை அமைப்பு விழித்துக்கொண்டு பங்கு கேட்டது. கண்ணுக்கே தெரியாத உயிரை இப்படிப் பறிகொடுத்த நாடு, கண்ணுக்குத் தெரியும் எறும்பை விடுமா? தீர்ப்பு சரி என்பதே என் கட்சி.

என் சண்டை வேறு இடத்தில்.

அதே 2013 சட்டம் அமலுக்கு வந்த கையோடு, 2014 ஜனவரியில், நைரோபி விமான நிலையத்தில் ஒரு சீனப் பயணி சிக்கினார். பெட்டியில் 3.4 கிலோ எடையுள்ள ஒரே ஒரு தந்தம். மொசாம்பிக்கிலிருந்து சீனாவுக்குப் போகும் வழி. 2 கோடி ஷில்லிங் கட்டு, இல்லாவிட்டால் ஏழு வருடம் உள்ளே இரு என்றது நீதிமன்றம். பழைய சட்டத்தில் அபராதம் அதிகபட்சம் 40,000 ஷில்லிங்தான். கடத்தல்காரன் அதைப் பஸ் டிக்கெட் மாதிரி எடுத்துக் கட்டிவிட்டுப் போவான். ஆக, இது பெரிய மாற்றம். உலகமே கைதட்டியது.

அதே வருடம் ஜூனில் மொம்பாசா துறைமுக நகரில் ஒரு கிடங்கில் இரண்டு டன்னுக்கும் மேல் தந்தம் பிடிபட்டது. முக்கியக் குற்றவாளி என்று சொல்லப்பட்டவர் நாட்டை விட்டுத் தப்பி, இன்டர்போல் தேடி, தான்சானியாவில் பிடிபட்டார். 2016இல் 20 வருடச் சிறையும் 2 கோடி ஷில்லிங் அபராதமும் விதித்தார்கள். கென்ய வரலாற்றிலேயே பெரிய வெற்றி என்று எல்லோரும் எழுதினார்கள். 2018இல் மேல்முறையீட்டில் விடுதலை. சாட்சியங்களில் ஓட்டை, வழக்கு நடத்திய விதத்தில் குளறுபடி. நீதிமன்றத்தைக் குறை சொல்ல மாட்டேன். நிரூபிக்காத குற்றத்துக்கு யாரையும் உள்ளே வைக்கக் கூடாதுதான். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெட்டியில் ஒரு தந்தத்தோடு வந்தவருக்குத் தண்டனை கிடைத்தது. கிடங்கு நிறையத் தந்தம் கிடைத்த வழக்கில் நிற்கவில்லை. தண்டனையை ஆயுள் வரைக்கும் ஏற்றி எழுத ஒரு பேனா போதும். விசாரணையையும் சாட்சியத்தையும் ஒழுங்காக நடத்த ஆள் வேண்டும், பயிற்சி வேண்டும், கை நீட்டாத அதிகாரி வேண்டும்.

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். கென்யாவைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு அந்தப் பழமொழியே இடிக்கிறது. பொன் யாருக்கு? இறந்த யானையின் பொன் தந்தக் கடத்தல்காரனுக்கு. உயிரோடு இருக்கும் யானையின் பொன் சஃபாரி நடத்தும் கம்பெனிக்கும், நுழைவுக் கட்டணம் வாங்கும் அரசாங்கத்துக்கும். அந்த யானை ராத்திரியில் வந்து மக்காச்சோளத்தை மிதித்துவிட்டுப் போகிறதே, அந்த நிலத்துக்காரருக்கு என்ன?

கென்யாவின் காட்டுயிர்களில் மூன்றில் இரண்டு பங்கு தேசியப் பூங்காக்களுக்கு வெளியேதான் இருப்பதாகச் சொல்கிறார்கள். சாவோ, அம்போசெலி, மாரா என்று வரைபடத்தில் கோடு போட்டிருக்கலாம். மழை எங்கே பெய்கிறதோ அங்கே போகிற வரிக்குதிரைக்கு அந்தக் கோடு தெரியாது. ஆக மசாய் மக்களின் மேய்ச்சல் நிலமும், டைட்டா மலையடிவார விவசாயியின் கொல்லையும்தான் அந்த நாட்டின் உண்மையான சரணாலயம். அவர்களுக்கு மட்டும் சம்பளம் கிடையாது.

2013 சட்டத்தை எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. காட்டு விலங்கால் உயிர் போனால் 50 லட்சம் ஷில்லிங், நிரந்தர ஊனம் என்றால் 30 லட்சம், மற்றக் காயங்களுக்கு 20 லட்சம் வரை என்று இழப்பீட்டை ஏற்றினார்கள். அதற்கு முன் ஓர் உயிருக்கு 2 லட்சம்தான். ஒரே தாவலில் 25 மடங்கு! படித்தபோது அந்த நாட்டு நாடாளுமன்றத்தின் மேல் மரியாதையே வந்தது. அடுத்த பக்கத்தைப் படித்தபோது போய்விட்டது. இவ்வளவு பணம் எங்கிருந்து வரும் என்று யாரும் கணக்குப் போட்டதாகத் தெரியவில்லை. மனு மாவட்டக் குழுவுக்குப் போக வேண்டும். குழு கூட வேண்டும், சரிபார்க்க வேண்டும், பிறகு அமைச்சகம், பிறகு கருவூலம். பாக்கி பில்லியன் கணக்கில் ஏறியது. வருடக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்களைப் பற்றி அந்த ஊர்ப் பத்திரிகைகள் எழுதிக்கொண்டே இருக்கின்றன. அபராதத்தை உடனே வாங்கத் தெரிந்த சட்டம், இழப்பீட்டுக்கு மட்டும் "கோப்பு மேலே போயிருக்கிறது" என்கிறது. யானை நடமாடும் மலையோரத்தில் நிலம் வைத்திருக்கும் எவருக்கும் இந்த வாக்கியம் எந்த மொழியில் சொன்னாலும் புரியும்.

சரி, சட்டத்தால் ஒன்றுமே நடக்கவில்லையா என்றால், நடந்திருக்கிறது. 1989இல் கென்யாவில் மிஞ்சியிருந்த யானைகள் சுமார் 16,000. அதற்கு முந்தைய பதினைந்து இருபது வருடங்களில் துப்பாக்கிக் கும்பல்கள் லட்சத்துக்கும் மேல் காலி செய்திருந்தன. அந்த வருடம் ஜூலையில் அதிபர் டேனியல் அரப் மோய் நைரோபி பூங்காவில் 12 டன் தந்தத்தைக் கொளுத்தினார். காட்டுயிர்த் துறையைச் சீர்படுத்தத் தொல்மனித ஆய்வாளர் ரிச்சர்ட் லீக்கியைக் கொண்டுவந்தார்கள். சில மாதங்களில் உலக அளவில் தந்த வணிகத்துக்குத் தடை வந்தது. 2021 கணக்கெடுப்பில் யானைகள் 36,280. இதைச் சாதனை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. துப்பாக்கிக்காரனிடமிருந்து காப்பாற்றும் வேலையைச் சட்டம் செய்தது.

துப்பாக்கி இல்லாமல் வருகிற சாவை என்ன செய்வது? 2022 வறட்சியில் சில மாதங்களுக்குள் 200க்கும் மேற்பட்ட யானைகள் பசியாலும் தாகத்தாலும் விழுந்தன.

இன்னொரு கணக்கைச் சொன்னால் பலர் நம்ப மறுப்பார்கள். கென்யா 1977லேயே வேட்டைக்கு முழுத் தடை போட்டுவிட்டது. அந்த 1977இலிருந்து 2016 வரை கென்யாவின் மேய்ச்சல் நிலங்களில் பெரிய காட்டு விலங்குகளின் எண்ணிக்கை சராசரியாக 68 சதவீதம் குறைந்திருக்கிறது என்று வானிலிருந்து எடுத்த கணக்கெடுப்புகள் காட்டின. தடை இருந்த நாற்பது வருடத்தில்! சுட்டுத் தின்றதும் உண்டு. ஆனால் பெரும் பகுதியை வேலியும் பயிரும் வீடும் விழுங்கின. மசாய்களின் கூட்டு மேய்ச்சல் நிலங்களைத் தனித்தனிப் பட்டாவாகப் பிரித்தார்கள். பட்டா வந்தால் வேலி வரும், இல்லை விற்பனை வரும். சில வருடங்களுக்கு முன் அம்போசெலி அருகே யானைகள் போய்வரும் வழியில் அவகாடோ தோட்டம் போட்டுப் பெரிய தகராறு ஆனது. கொடைக்கானல் பக்கம் பட்டர் ஃப்ரூட் என்போமே, அதுதான். அதிகாரிகள் அனுமதியை ரத்து செய்தார்கள். சரியான முடிவு. ஆனாலும் நிலம் கொடுத்தவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவகாடோ காசு கொடுக்கிறது. யானை கொடுப்பதில்லை.

இதற்கு மாராவைச் சுற்றியுள்ளவர்கள் ஒரு வழி கண்டார்கள். பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் சேர்ந்து நிலத்தை வேலி போடாமல் விட்டு, சுற்றுலாக் கம்பெனிகளுக்குக் குத்தகைக்கு விட்டு, மாதாமாதம் வாடகை வாங்குகிறார்கள். இப்படி விடும் நிலத்துக்குக் காப்பு நிலம் என்று பெயர். 2013 சட்டம் இந்த ஏற்பாட்டுக்கு அங்கீகாரமும் கொடுத்தது. நான் படித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆனால் 2020இல் கொரோனா வந்து விமானங்கள் நின்றதும் வாடகையும் ஆட்டம் கண்டது. வடக்கே வேறு சிக்கல்: எங்களைக் கேட்காமலே எங்கள் நிலத்தில் காப்பு நிலம் அமைத்துவிட்டார்கள் என்று இசியோலோ பக்கத்து மக்கள் வழக்குப் போட்டார்கள். 2025 ஜனவரியில் நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது, அங்கே இரண்டு காப்பு நிலங்கள் சட்டப்படி அமைக்கப்படவில்லை என்று. நல்ல காரியமே என்றாலும் மேய்ப்பவனைக் கேட்டுச் செய்ய வேண்டாமா?

"நமீபியா மாதிரி வேட்டைக்கு விட்டுக் காசு பார்க்கலாமே" என்று போன பதிவில் ஒரு தம்பி கேட்டிருந்தார். அங்கே 1996இலேயே காட்டுயிர் மீதான உரிமையை ஊர்க்காரர்களின் கையில் கொடுத்தார்கள், வருமானம் நேரே ஊருக்குப் போகிறது. அந்தக் கணக்கு எனக்கும் புரிகிறது. எனக்கு வேட்டை பிடிக்காது. பிடிக்காது என்பதால் அந்தக் கணக்கு பொய்யாகிவிடாது என்றும் தெரியும். ஆனால் நமீபியாவில் மனிதர்கள் மிகக் குறைவு, நிலம் மிக அதிகம். ஐந்து கோடிப் பேர் வாழும் கென்யாவில் அதையே எடுத்து ஒட்ட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றுவது இதைவிடச் சின்னது: பூங்கா நுழைவுச்சீட்டிலிருந்து ஒரு பங்கைக் கருவூலத்துக்குள் போகவிடாமல் நேரே இழப்பீட்டு நிதிக்குத் திருப்புங்கள். முதலில் பழைய பாக்கியைத் தீருங்கள். அதற்குப் பிறகு எவ்வளவு கடுமையான தண்டனை வேண்டுமானாலும் எழுதுங்கள், நானும் கைதட்டுகிறேன்.

சாவோ கிழக்குப் பூங்காவை ஒட்டி சகல்லா என்று ஓர் இடம். அங்கே விவசாயிகள் வயலைச் சுற்றிக் கம்பியில் தேன்கூட்டுப் பெட்டிகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். யானைக்குத் தேனீ என்றால் பயம். கம்பியை இடித்தால் எல்லாப் பெட்டியும் ஆடும், தேனீக்கள் கிளம்பும், யானை திரும்பிப் போகும். பெரும்பாலான தடவை போகிறது. பயிரும் மிஞ்சுகிறது, தேனை விற்றுக் கொஞ்சம் காசும் வருகிறது. வறட்சிக் காலத்தில் பூ இல்லாமல் தேனீக்கள் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போய்விடுகின்றன. அந்த மாதங்களில் அந்த விவசாயிகள் பழையபடி தகர டப்பாவும் தீப்பந்தமுமாக விடிய விடியக் காவல் இருக்க வேண்டியதுதான்.