குரூவை அவசரமாகப் புரட்டாதீர்கள்

1982-இல் அறிமுகமான ‘குரூ’ என்ற நகைச்சுவைச் சித்திரக்கதையை ‘மண்டையில் ஒன்றுமில்லாத வாள்வீரனின் அடிதடி’ என்று அதைப் பற்றி வந்த ஒரு கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது, நியாயமே இல்லை. அதை வரைந்த செர்ஜியோ அரகோனஸின் நகைச்சுவையில் பாதி பின்னணியில்தான் நடக்கிறது. வசனத்தை மட்டும் படித்துக்கொண்டே போனால் அது கண்ணில் படாது. பாடகன் வரும் பக்கத்தில் அவன் கையிலிருக்கும் லூட் என்ற நரம்பிசைக் கருவியின் தலைப்பகுதியைப் பாருங்கள், கட்டத்துக்குக் கட்டம் உருவம் மாறும்! அவன் பேசும் வசனமெல்லாம் எதுகையில் வேறு. இதழ்தோறும் ஒரு ரகசியச் செய்தியும் ஒளிந்திருக்கும்.

புதிதாகப் படிப்பவர்கள் மார்வெல் நிறுவனத்தின் எபிக் பிரிவு வெளியிட்ட 120 இதழ்களில் 29-ஆவதிலிருந்து தொடங்கலாம். ரஃபர்ட்டோ என்ற நாய் அதில்தான் நுழைகிறது. குரூ ஊரையே நாசமாக்கினாலும் அவனை மாவீரனாகவே பார்க்கும் அந்த நாய் வந்தபிறகு கதைக்கே தனி ஈரம் வந்துவிடுகிறது.