ஆவி பிடித்தால் வைரஸ் சாகாது

"தினம் மூன்று வேளை ஆவி பிடித்தால் ஃப்ளூ வைரஸ் மூக்கிலேயே செத்துவிடும், தடுப்பூசியே வேண்டாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. ஆவியில் மூக்கடைப்பு கொஞ்ச நேரம் இளகும், அவ்வளவுதான். வைரஸ் பெருகுவது மூக்கு, தொண்டை செல்களுக்கு உள்ளே. அதைக் கொல்லும் அளவுக்குச் சூடு போனால் முதலில் வெந்துபோவது நம் சவ்வுதான்.

உண்மையான ஆபத்து பாத்திரத்தில் இருக்கிறது. கட்டில் மேல் கொதிநீர்க் குண்டானை வைத்து, பிள்ளையைப் போர்வைக்குள் உட்கார வைப்பார்கள். பிள்ளை ஒருமுறை காலை உதறினால் போதும், தண்ணீர் முழுக்க மடியில். குழந்தைகளுக்கு ஆவி வேண்டவே வேண்டாம். கைக்குழந்தைக்கு மூக்கடைத்தால், மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு, பால் கொடுக்குமுன் ஒவ்வொரு துவாரத்திலும் 2 சொட்டு. கற்பூரம் கலந்த தைலம் 2 வயதுக்குள் கூடாது. கற்பூரத்தை விழுங்கிவிட்டால் வலிப்பே வரலாம். (சாமி படத்துக்கு முன்னால் இருக்கும் டப்பாவையும் எட்டாத இடத்தில் வையுங்கள்.)

பெரியவர்கள் பிடிப்பதானால் நீரை இறக்கி, சில நிமிடம் ஆறவிட்டு, ஆடாத மேசைமேல் வைத்துப் பிடிக்கலாம்.

ஃப்ளூ வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் ஊசி ஆண்டுதோறும் தேவை. எதிர்ப்பு உண்டாக சுமார் 2 வாரம் ஆகும். தமிழ்நாட்டில் அக்டோபர் மழைக்கு முன், செப்டம்பருக்குள் போடுவது நல்லது. கர்ப்பிணிகள், முதியவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்கள் தள்ளிப்போடாதீர்கள். மூச்சு வாங்கினாலோ, 3 நாளாகியும் காய்ச்சல் இறங்காவிட்டாலோ போர்வையை எடுத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். மழைக்காலத்தில் அது டெங்குவாகவும் இருக்கலாம்.